துணைக்கு வந்த மக்கு

மைனஸ் ஏழையும் பிளஸ் ஐந்தையும் கூட்டச் சொன்னால், தையல்காரம்மாவின் கணவர் அன்றைக்கும் கூசாமல் பன்னிரண்டு என்று எழுதி வைத்திருந்தார்.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று மாதமாக இதே கதைதான்.

பெரியவர்களுக்கான அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தவள் மனைவி. எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறினால், தையல் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். இவர் சும்மா துணைக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் ஒட்டிக்கொண்டவர்.

மனைவி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. பூஜ்யத்துக்குக் கீழ ஏழு படி இறங்கி நிக்கிறீங்க. அங்கேயிருந்து அஞ்சு படி ஏறுறீங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

அவர் யோசித்தார். "இன்னும் ரெண்டு படி கீழதான்."

"அப்ப மைனஸ் ரெண்டு. இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?"

வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். அவள் தன் கணக்கைப் போடுவாளா, இந்த மனுஷனுக்குப் பாடம் எடுப்பாளா? இனி வகுப்புக்கு வராதீர்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான். மனைவி முன்னால் சொன்னால் நன்றாக இருக்காது என்று, மறுநாள் அவர் வேலை செய்யும் இடத்துக்கே கிளம்பிப் போனார் டீச்சர்.

அது ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்கிடங்கு. காதை மூடிய தொப்பியும் கனத்த கோட்டுமாக, அவர் போனில் யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"மைனஸ் இருபத்திரண்டுல இருந்துச்சு. நீங்க கதவைத் திறந்து போட்டதுல ஒன்பது டிகிரி ஏறி, இப்ப மைனஸ் பதிமூணு. இன்னும் ஆறு இறங்கி மைனஸ் பத்தொன்பது வரட்டும். அதுவரைக்கும் கதவுப் பக்கம் யாரும் போகாதீங்க."

கையில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை.

திரும்பியவர் டீச்சரைப் பார்த்துவிட்டுத் திருட்டு முழி முழித்தார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று டீச்சர் விசாரித்தார். பதினெட்டு என்று பதில் வந்தது.

"அப்புறம் எதுக்கு என் வகுப்புல அந்த நாடகம்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மொத நாளே, இதெல்லாம் என் மண்டையில ஏறாதுன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா டீச்சர். அவ குணம் எனக்குத் தெரியும். தனக்குப் புரியலைன்னா விட்டுடுவா. எனக்குப் புரியலைன்னா விடமாட்டா."