கூச்சக்கோழியின் ஜோடி

"இப்ப அந்தப் பதிவைக் கேக்கலாம்" என்று பேச வந்திருந்த அம்மா சொன்னதும், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரர் தப்பிக்க வழி இருக்கிறதா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

நூலக மாடியில் இயற்கைச் சங்கத்தின் மாதக் கூட்டம். ஜன்னலுக்குக் கீழே ஏரி. வழக்கமாகப் பேச்சாளரையும் சேர்த்துப் பத்துப் பேர் தேறினாலே பெரிய விஷயம். இன்றைக்கு நாற்காலி போதாமல் சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

எல்லாம் ஒரு பறவைக்காக. யார் கண்ணிலும் படாது, நாணலுக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுக்கும். சங்கத்தில் அதற்குக் கூச்சக்கோழி என்று பெயர். இனி இந்தப் பக்கம் வராது என்று எல்லோரும் கைகழுவிவிட்ட பறவை. சங்கத் தலைவரான பல் டாக்டர்தான் அதன் குரலை மறுபடி கேட்டு, செல்போனில் பதிவு செய்து, எங்கோ இருந்த இந்த ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் குரல் கண்ணாடிக் கடைக்காரருடையது.

விளையாட்டாக ஆரம்பித்தது. மனைவி தவறிப்போன பிறகு டாக்டர் சங்கத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை. ஒருநாள் அவரை வற்புறுத்தி ஏரிக்கரைக்கு இழுத்துவந்த கடைக்காரர், இதோ வருகிறேன் என்று நாணலுக்குப் பின்னால் ஒதுங்கி, இரண்டு கைகளையும் குவித்து ஊதினார். சின்ன வயதில் கற்ற வித்தை. டீ குடிக்கும்போது உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தார்.

திரும்பி வந்து பார்த்தால் டாக்டர் அழுதுகொண்டிருந்தார்.

"கேட்டியாய்யா? இருக்குய்யா, இன்னும் இருக்கு!"

அதற்கு மேல் எந்த வாயால் சொல்வது? மறுநாளும் டாக்டர் வந்தார். கடையைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு, கடைக்காரர் நூலகத்துக்குப் பின்னால் நாணலுக்குள் புகுந்து மறுபடியும் ஊதினார். பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. அடுத்த வருஷப் பருவத்திலும் தொடர்ந்தது. இந்த அம்மா ஊருக்கு வந்து இறங்கிய பிறகுதான், பயத்தில் நிறுத்தினார்.

இப்போது கூடத்தில் கடைக்காரரின் குரல் ஒலித்தது. ஒலிபெருக்கியில் கேட்கும்போது அப்பட்டமாக மனுஷன் ஊதுவதுபோலவே இருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று முடிவே கட்டிவிட்டார். பக்கத்தில் டாக்டர் மடிப்புக் கலையாத சட்டையில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷனின் மானம் போகப்போகிறது.

"இது ஆண்" என்றார் அந்த அம்மா. "சந்தேகமே இல்ல."

ஒரே கைதட்டல். கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரும் தட்டினார். எல்லோரையும்விடப் பலமாகவே தட்டினார்.

"பின்னால கிர்ர்னு ஒரு சின்னச் சத்தம் வருதே, கவனிச்சீங்களா? தவளைன்னு நெனச்சிருப்பீங்க. அதுதான் பெண். பதில் சொல்லுது."

தட்டிக்கொண்டிருந்த கடைக்காரரின் கைகள் அப்படியே நின்றன.

அந்தத் தவளையை அவருக்குத் தெரியும். அவர் ஊதி முடித்ததும் ஒவ்வொரு நாளும் கத்தும். முதலில் தூரத்தில் கத்தியது, பிறகு பக்கத்தில். ஒருநாள் காலடியிலேயே கேட்டது. சும்மா கிட சனியனே என்று கல்லைக்கூட விட்டெறிந்திருக்கிறார்.

திரையில் ஒரு கூடு வந்தது. நாணலை வளைத்துக் கட்டி, உள்ளே பஞ்சு பரப்பியிருந்தது. காலி. அதற்குப் பக்கத்திலேயே போன வருஷத்துக் கூடு. அதுவும் காலி.

"ஆண் ஒரு தடவை குரல் குடுத்துட்டா, பெண் வேற எங்கயும் போகாது. கூட்டைக் கட்டிட்டு அங்கயே காத்துக்கிட்டு இருக்கும். டாக்டர் அனுப்பின எல்லாப் பதிவுலயும் ஆண் கூப்பிடுறான். ஆனா கிட்ட வரவே மாட்டேங்கிறான். இப்படி நான் பாத்ததே இல்ல. உங்கள்ல யாருக்காவது காரணம் தெரிஞ்சா சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிதான்!" என்றாள் பின்வரிசையிலிருந்து கடைக்காரரின் மனைவி. "இதோ வந்துட்டேன்னு குரல் மட்டும் வரும், ஆள் வராது."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. கடைக்காரரும் சிரிக்க வேண்டியிருந்தது. அவமானத்தில் காதுமடல் வரைக்கும் சுட்டது. டாக்டரை ஏமாற்றியதற்காவது, நல்லதுக்குத்தானே செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இதற்கு என்ன சொல்லித் தேற்றுவது? வேறு ஏதாவது ஏரியில் நிஜமாகவே ஓர் ஆண் இருந்திருக்கும். அங்கே போயிருக்க வேண்டியதை இங்கேயே கட்டிப்போட்டு வைத்தவை அவருடைய இரண்டு கைகள். அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நன்றியுரை அவர் பொறுப்பு. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள்.

சொல்லிவிடலாம். டாக்டர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் சொல்லிவிடலாம். எழுந்து நின்று, "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

ஜன்னலுக்குக் கீழே, நாணலுக்குள்ளிருந்து, கிர்ர் என்றது.

எல்லோருடைய தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. டாக்டர் சந்தோஷம் தாளாமல் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"பேசாத, பேசாத. இப்ப அவன் பதில் சொல்லுவான் பாரு."

எல்லோரும் ஏரிப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கடைக்காரர் மைக்கும் கையுமாக நின்றார். பழக்கதோஷத்தில் உதடுகள் தாமாகவே ஊதக் குவிந்தன. பற்களால் கடித்து அடக்கிக்கொண்டார்.

அது மறுபடி கூப்பிட்டது.