மூன்றாம் முடிச்சு

தம்பி கல்யாணத்துக்கு வந்தவர்களை மூன்று நாளாகச் சிரித்துச் சிரித்தே வரவேற்ற தமயந்திக்கு, முகூர்த்தம் நெருங்கும்போது தாடை விண்ணென்று வலித்தது. மண்டபத்தின் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, தேங்காய் மூட்டை மேல் சிரிக்காத முகத்தோடு உட்கார்ந்தாள். ஐந்தே நிமிடம் என்றுதான் நினைத்தாள். கெட்டிமேளம் கேட்டதும் பதறிப்போய்க் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். தாலியில் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தானே போட வேண்டும்.

அட்சதை விழுந்து ஓய்ந்திருந்தது.

“மூணாவது முடிச்சு யாரு போட்டா?” என்று மணப்பெண்ணிடம் கேட்டாள்.

“நீங்கதானே அண்ணி.” அவள் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள். “கை ஏன் அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு?”

போட்டோக்காரர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். தமயந்தியின் அதே புடவையில், அதே முகத்தோடு ஒருத்தி மணப்பெண்ணின் பின்னால் குனிந்து, அலுப்பே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி சாமான் அறைக்குத் திரும்பி ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். அவள் குரலிலேயே யாரோ “அப்பாடா” என்று மூச்சுவிட்டார்கள்.

“தமயந்தி, முதல் பந்தி உட்கார்ந்தாச்சு. வந்து கவனிடி,” என்று அம்மா கூப்பிட்டாள்.

தமயந்தியின் வாய் தானாகவே சிரித்தது. தாடை இப்போது வலிக்கவே இல்லை.