நூர் முகமதுவின் பல்வலி

உள்ளேயிருந்து மறுபடியும் அதே குரல் அலறியது.

"நக்கோ, டாக்டரம்மா, நக்கோ! வேணாம், வலிக்கும்!"

வெளியே உட்கார்ந்திருந்த கிருஷ்ணகுமார் நிமிர்ந்தார். போன வாரமும் இதே ஆள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் இவருக்கு என்ன வேலை?

சந்தேகப்படுவது கிருஷ்ணகுமாருக்குத் தொழில். கச்சிபௌலியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

ஏழு வயது மகள் ஹர்ஷிதாவின் கடைவாய்ப் பல்லிலும் ஓட்டை. முந்தைய டாக்டரின் விரலைக் கடித்துவிட்டு ஓடி வந்தவள் அவள். ஆகவே போன வாரம், "ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்" என்று சொல்லித்தான் செகந்திராபாத்துக்கு அழைத்து வந்தார். வாசல் பலகைகள் எல்லாம் தெலுங்கில். அவருக்கே புரியவில்லை, எனவே யாருக்கும் புரியாது.

ஆனாலும் மாடிப்படியில் கால் வைக்கும்போதே ஹர்ஷிதா நின்றுவிட்டாள். அப்போதுதான் மேலே இந்தக் குரல் கேட்டது. அப்பாவின் கையை உதறிவிட்டு, யார் அழுவது என்று பார்க்க அவளே ஏறிப் போனாள்.

டாக்டர் பத்மப்ரியா பெற்றோரை உள்ளே விடுவதில்லை. "வெளியே இருங்க சார். உங்க முகத்தைப் பார்த்தாலே குழந்தைக்குப் பயம் வந்துடும்."

இப்போது அந்த ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உங்க பாப்பா என் கையைப் புடிச்சுக்கிச்சு சார். வலியே தெரியல!"

உள்ளே ஹர்ஷிதாவின் முறை. அழுகை இல்லை, கடி இல்லை.

நிம்மதி வரவேண்டிய இடத்தில் கிருஷ்ணகுமாருக்குச் சந்தேகம் வலுத்தது.

அடுத்த வாரம்தான் கடைசி முறை. அன்று வேரைச் சுத்தம் செய்து மூடாவிட்டால் பல்லையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சீக்கிரமே வந்துவிட்டார்கள். வாசலில் ஒரு பூனையோடு ஹர்ஷிதா பேச்சுவார்த்தை தொடங்க, கிருஷ்ணகுமார் மருத்துவமனைக்குக் கீழே இருந்த பேக்கரிக்குள் டீ குடிக்க நுழைந்தார்.

கல்லாவில் அதே ஆள்! எதிரே டீயில் ஊறிக்கொண்டிருந்தது உஸ்மானியா பிஸ்கட். பக்கத்துக் கண்ணாடி டம்ளரில் ஊறிக்கொண்டிருந்தது, மேலும் கீழுமாக முழுப் பல்செட்.

பல்லே இல்லாதவருக்குப் பல்வலி! முயற்கொம்பு, ஆகாயத்தாமரை வரிசையில் சேர்க்க வேண்டிய சரக்கு.

"ஓஹோ! கீழே இனிப்பு வித்துப் பல்லைக் கெடுக்கறது, மேலே போய்க் கத்தி நடிக்கறது. நல்ல கூட்டணி! டாக்டர் எவ்வளவு தர்றாங்க?"

பேக்கரிக்காரர் நூர் முகமது அவசரமாகப் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"யா அல்லா! ஒரு டீகூட வாங்கிக் குடுத்ததில்ல சார். மேல புள்ளைங்க அழுற சத்தம் இங்க வரைக்கும் வருது. நான் விக்கற இனிப்புதானேன்னு மனசு உறுத்திச்சு. நானேதான் டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டேன். பெரிய ஆளு ஒருத்தன் பயந்தா, சின்னதுங்களுக்குத் தைரியம் வந்துடுது."

"நாடகம் நாடகம்தானே?"

"கைக்கு சார், எதுக்கு அதை பாப்பாகிட்ட சொல்லணும்? இன்னிக்கு ஒரு நாள் போகட்டும். பல்லை மூடிட்டு அப்புறம் சொல்லுங்க."

"குழந்தைகிட்டப் பொய் சொல்றது எனக்குப் பிடிக்காது" என்றார் கிருஷ்ணகுமார், அரிச்சந்திரனின் நேர் வாரிசு போல.

நூர் முகமது வாடிய முகத்தோடு எழுந்து மாடிக்குப் போனார். கிருஷ்ணகுமார் மகளைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"ஹர்ஷி, ஒரு விஷயம். அந்த அங்கிளுக்கு..."

"பல்லே இல்ல. தெரியும்ப்பா."

"எப்படித் தெரியும்?"

"ஃபர்ஸ்ட் டேயே பார்த்தேன். அவர் கத்தினப்போ மேல் செட் கழண்டு மடியில விழுந்துடுச்சு. டாக்டர் ஆன்ட்டி டக்குனு எடுத்து மாட்டிவிட்டாங்க. நான் ஃபேனைப் பார்த்துக்கிட்டேன்."

"தெரிஞ்சுமா கையைப் புடிச்சுக்கிட்டே?"

"எனக்காகத்தானே அப்படிக் கத்தறார்? தெரியும்னு சொன்னா, பாவம், அவருக்கு ஷேமா இருக்காதா?"

"அதுக்காக? ஒருத்தர் நம்மகிட்டப் பொய் சொல்றார்னு தெரிஞ்சும் சும்மா இருப்பியா?"

மேலே, இந்த வாரம் சற்றுத் தயக்கத்தோடு, "நக்கோ, டாக்டரம்மா..." என்று குரல் எழுந்தது.

"அங்கிள் ஆரம்பிச்சுட்டார்" என்று இரண்டு படி ஏறிய ஹர்ஷிதா, திரும்பி நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"ஐஸ்கிரீம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னிக்கே வாசல் போர்டுல, ஸ்கூல்ல சொல்லித்தர்ற தெலுங்குல, பெரிசா 'பல் டாக்டர்'னு படிச்சேன். உங்ககிட்ட ஏதாவது சொன்னேனாப்பா?"