லேசா இரையுது

தணிகாசலத்தின் செயற்கைக் காதுக்குள் ஓடுவது, ஊர் கூடி எழுதும் கெர்னல் என்ற திறந்த மூல அடிப்படை மென்பொருள். அது புதுப்பிக்கப்படும்போதெல்லாம் காது செவிடாகிவிடும். காதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தக் காதை இயக்க மகள் மதிவதனி எழுதிய டிரைவர் நிரலைக் கெர்னல்காரர்கள் இன்னும் அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் அவள்தான் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து அதை மறுபடி ஏற்ற வேண்டும்.

கெர்னல்காரர்கள் கேட்ட திருத்தமெல்லாம் செய்தாகிவிட்டது. காதை மாட்டியிருப்பவர் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் பாக்கி. டிரைவர் கெர்னலில் சேர்ந்துவிட்டால் அவள் வரவே தேவையில்லை.

"இப்ப எப்படிப்பா கேக்குது?"

"லேசா இரையுதும்மா."

போன தடவையும் இதேதான். எந்த வரியில் தப்பு என்று தேடித் தேடி அவளுக்குக் கண் எரிந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

"அஞ்சு மணி பஸ்ஸையாவது பிடிக்கணும்" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே தனக்குள் முணுமுணுத்தாள்.

"ஏழு மணிக்கும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் அப்பா, கூடத்திலிருந்து.

மதிவதனி குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து கெர்னல்காரர்களுக்கு எழுதினாள்: "சோதித்தவருக்கு இன்னும் இரைச்சல் கேட்கிறது. திருத்தி அனுப்புகிறேன்."