சிவப்புப் பட்டைக்கு வந்த கவலை

ஒரு பேருந்துப் பணிமனைக் கணினியில் ஒரு மேக்ரோ இருந்தது. எழுத்தர் செல்வராணி பொத்தானை அழுத்தினால் போதும், இருநூறு ஓட்டுநர்களுக்கும் அந்தச் சின்ன நிரல் வேலைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும்.

மென்பொருளின் புதுப் பதிப்பு வந்த அன்று, சிவப்பு நிற எச்சரிக்கைப் பட்டை ஒன்று குறுக்கே வந்து நின்றது.

"நில்லு! மேக்ரோன்னாலே ஆபத்து. இனிமே உனக்கு வழி கிடையாது."

"பதினாறு வருஷமா ஒரு தப்பும் பண்ணலையே, ஐயா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கூடிய சீக்கிரம் உங்க இனத்தையே தூக்கிடப் போறாங்களாம்."

மேக்ரோ பயந்துகொண்டே கேட்டது: "நாங்க போயிட்டா, நீங்க யாரைத் தடுப்பீங்க?"

பட்டைக்கு அப்போதுதான் உறைத்தது. மேக்ரோவைத் தடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

இதற்குள் செல்வராணி பட்டியலைக் கையால் போட்டுப் பார்த்து, ஒரே ஓட்டுநரை ஒரே நேரத்தில் இரண்டு வண்டியில் ஏற்றிவிட்டு, சலித்துப்போய் மேக்ரோவுக்கான அனுமதிக் கட்டத்தில் டிக் அடித்தார். பட்டை சட்டென்று ஒதுங்கியது. ஐந்தே நொடியில் பட்டியல் தயார்.

"நாளைக்கும் வருவியா?" என்று பட்டை மெதுவாகக் கேட்டது.

"கூப்பிட்டா வருவேன், ஐயா."

"அவசியம் வா. கொஞ்சம் அதட்டுவேன், தப்பா நினைச்சுக்காதே."