போனதே சரி

"கதையை மறுபடி சொல்றது கட்டுரை இல்லம்மா. அவ எந்த இடத்துல மாறுறா? அதைப் பிடி!"

கல்லூரியில் இலக்கியம் நடத்தும் மகளுக்கு உற்சாகத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை. சில மாதமாக ஏதோ மாலை வகுப்புக்குப் போய்வரும் அம்மா, இன்று வயதான பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருத்தியின் கதையைச் சொல்லி, இதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடு என்று வந்து நின்றாள். தன்னைத் தானே கண்டடைதல்! மகள் முனைவர் பட்டம் வாங்கியதே அந்தத் தலைப்பில்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் ஆகிவிட்டது.

"இது தேறினாத்தான் எனக்கு விடிவு. நீதான் கரையேத்தணும்" என்று அம்மா பேனாவைத் திறந்தாள். "லைசென்ஸ் வாங்குறப்போ மாறுறான்னு எழுதட்டுமா?"

"ஐயோ, அது வெறும் அட்டை! பழகுறப்போ மாஸ்டர் கேக்குறாரே, 'எந்தப் பக்கம் போகணும், நீங்களே சொல்லுங்க'ன்னு, அங்க ஏன் அவ வாயடைச்சுப் போறா? பிறந்ததுலேருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லம்மா! அப்புறம் வலப்பக்கம் திருப்புறா பாரு, அங்கதான் மாறுறா. எழுது, எழுது!"

அம்மாவின் கை பறந்தது. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"கடைசியில வெளியூருக்கு வேன் ஓட்டுற வேலைக்குக் கிளம்பிடுறாளே, அது தப்பில்லையா? மக வேலைக்குப் போறவ. கைக்குழந்தையை இவதானே பாத்துக்குறா?"

"அந்த மகளுக்குத் தனியா ஒரு பத்தி ஒதுக்கு. பெத்தவளைச் சம்பளமில்லாத ஆயாவா வெச்சிருக்கா. இப்படியும் இருக்காளுங்களே!"

"அப்படிச் சொல்லாதடி. நல்ல பொண்ணுதான். பாவம், அவளுக்குத் தோணல."

"தோணாததுதான் தப்பு! நீ ஏன் அவளுக்கு வக்காலத்து வாங்குற? 'போனதே சரி'ன்னு அடிச்சு எழுது. யாராவது மறுத்துப் பேசினா என்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்குறேன்."

"பின்னாடி பேச்சு மாற மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன். நூத்துக்கு நூறு!"

அம்மா பேனாவை மூடிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா! இது எந்தப் புத்தகத்துல வந்த கதை? நாளைக்கே என் வகுப்புல நடத்தணும்."

அம்மா உள்ளே போய், தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த பேத்தியைத் தூக்கிவந்து மகளின் கையில் கொடுத்தாள்.

"புத்தகத்துல வரலடி. நான் போனது டிரைவிங் வகுப்புக்கு. திங்கக்கிழமை வேலையில சேரணும்."