மேடு ஏறும் வேகம்

“ஸ்கூட்டர் மெதுவா ஏறணுமா? எல்லாரும் வண்டி பறக்கணும்னு என் உயிரை வாங்குறாங்க, நீங்க தலைகீழா கேக்குறீங்களே!” என்று வாடிக்கையாக வரும் தையல்கார அக்காவிடம் சிரித்தான் மெக்கானிக்.

அவள் சிரிக்கவில்லை. “வீட்டுக்குப் போற மேட்டுல சீறிக்கிட்டு ஏறுது தம்பி. எனக்கு அது வேண்டாம்.”

“போன வருஷம் நீங்க கேட்டுத்தானே, இழுவை கூடட்டும்னு கியர் பக்கம் லேசான ரோலர் போட்டேன்? மாமா பின்னாடி உட்கார்ந்தா வண்டி திணறுதுன்னீங்க.”

“ஆமா.”

“கனமான ரோலர் போட்டா இழுவை செத்துடும். மேட்டுல முக்கி முனகித்தான் ஏறும். ஏன், மாமா வேகத்துக்குப் பயப்படுறாரா?”

“அவரா? பின்சீட்டுல உட்கார்ந்து கதை பேசுற ஆளு.”

“அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க. ஏத்தி ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

அவள் பின்சீட்டைத் தடவினாள்.

“அவர் போய் மூணு மாசம் ஆச்சு தம்பி. தனியா ஏறினா வண்டி காத்தா போகுது. பின்னாடி ஆள் இல்லைன்னு தினம் சொல்லிக் காட்டுது. முன்னாடி ரெண்டு பேர் உட்கார்ந்தப்போ எப்படித் திணறுச்சோ, அப்படித் திணறணும்.”

எஞ்சினுக்கு ஆகாது என்று சொல்ல வந்தவன் அதை விட்டுவிட்டு ரோலர் டப்பாவைத் திறந்தான்.

“மாமா எத்தனை கிலோ இருப்பாருக்கா?”

“படுக்கையில விழறதுக்கு முன்னாடி அறுபத்தெட்டு” என்றாள். “அந்தக் கனமே வேணும்.”